சாமிக்கு விட்ட கிடா

அத்தியாயம் 11

போன வாரம் எவலினைக் கையில் ஃபோனோடு நடுவீட்டில் நிறுத்திவிட்டு வந்தோம். சனிக்கிழமை மத்தியானம் லோரியோடு வருகிறோம், கிடாவை ஏற்றி விட்டுவிடு என்று மணியம் சொன்னார். இவளும் சரி மாமா என்று சொல்லிவிட்டாள். கொட்டகையில் இல்லாத கிடாவுக்குச் சரி சொன்னவளுக்கு அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

இடையில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. எவலினின் மாமனார் மோரிஸ் புக்கிட் செலம்பாவில் ஆடு வளர்க்கிறார். அவரும் மணியமும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கைமாறியதும் மணியம் சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில், நெருக்கமான வரிசை வீடு ஒன்றுக்குக் குடிபோனார். அங்கே இருக்கும்போதுதான் அவர் மகன் தினேஸ்வரன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். தாய் தங்கமணி பழைய தோட்டத்து முனியாண்டிக்குக் கறுப்புக் கிடா ஒன்று நேர்ந்துகொண்டார். பையன் கண் விழித்தான்.

குட்டியை வாங்கியாயிற்று. ஆனால் தாமான் வீட்டில் ஆட்டை எங்கே கட்டுவது? பக்கத்து வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்துக்கு ஃபோன் அடித்துவிடுவார். கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, மோரிஸின் கொட்டகையில் கொண்டுவந்து விட்டார்கள். முனியாண்டியிடம் எப்போது வேலைக்குச் சேர்ந்தாய் என்று தேவாலயத்தில் உபதேசியார்கூட மோரிஸைக் கிண்டலடித்தார். சிநேகிதன் ஆடு, சிநேகிதன் சாமி, வளர்த்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை என்று மோரிஸ் சிரித்துவிட்டார்.

வளர்த்தது மோரிஸ்தான். பிரபலமாக்கியது எவலின்.

கல்யாணத்துக்கு முன் எவலின் டவுனில் ஃபோன் கடையில் வேலை பார்த்தவள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று மாமனார் ஆடு விற்பதைப் பார்த்து அவளுக்குக் கை துறுதுறுத்தது. ‘கம்பிங் செலம்பாவ்’, அதாவது செலம்பாவ் ஆடு, என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். விற்பனை என்ற சொல்லைப் போட்டால் பக்கத்தை முடக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, ‘புது முதலாளி தேடுகிறான்’ என்றே ஒவ்வோர் ஆட்டுக்கும் எழுதுவாள். ஆட்டுக்கு எதற்கு விளம்பரம், அது கத்தினால் போதாதா என்றார் மோரிஸ்.

முதலில் அவர் சொன்னதுதான் சரி போலிருந்தது. எந்த வீடியோவையும் நாய்கூடச் சீண்டவில்லை. பிறகு ஒருநாள் அந்தக் கறுப்புக் கிடா தலையை நீட்டி, பிஸ்கட்டை வாங்கி மென்றபடி கேமராவையே முறைத்துப் பார்த்தது. அவ்வளவுதான். கெடா மாநிலமே பார்த்தது. மலாய்ப் பிள்ளைகள் அதற்கு ‘ஹென்செம்’, அழகன், என்று பேர் வைத்தார்கள். எவலினும் அதையே பிடித்துக்கொண்டாள்.

மஞ்சள் துணியைப் பார்த்தால் மலாய் வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள் என்று வீடியோ எடுக்கும்போது மட்டும் அவிழ்த்து ஆணியில் மாட்டுவாள். முடிந்ததும் கட்டிவிடுவாள். அப்புறம் கட்டுவதை விட்டுவிட்டாள்.

ஆக, முதல் லைவ் அன்று கிடா துணியில்லாமல்தான் நின்றது. கோத்தா கோலா மூடாவில் படகு வைத்திருக்கும் ரோஸ்லி என்பவர், பேரப்பிள்ளை பிறந்த விருந்துக்கு அதைத்தான் கேட்டார். தெரியாமல் செய்தேன் என்று எவலின் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, திரையில் இதயங்கள் பறந்துகொண்டிருந்தன. இது மட்டும் கிடையாது என்று சொன்னால் கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்தாள். ‘சுடா அடா துவான்’, இவனுக்கு முதலாளி கிடைத்தாயிற்று என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மற்ற ஆடுகளும் மளமளவென்று போயின.

பிறகு பேசி வேறு ஆட்டை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மோரிஸ் சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ரோஸ்லி வந்தார், கூடவே பேரப்பிள்ளைகளும். பிள்ளைகள் ஓடிவந்து ஹென்செம்மைக் கட்டிக்கொண்டார்கள். வேறு ஆடு என்ற பேச்சை எடுக்காமலே அவள் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். மாமனாரிடம், கிடா மெர்போக்கில் ஆடு வைத்திருக்கும் அழகேசன் நிலத்தில் நன்றாக மேயட்டும் என்று அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

அத்தோடு விட்டாளா? ரசிகர்கள் ஹென்செம் எங்கே என்று கேட்கக் கேட்க, பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாய்ப் புதிது போலப் போட்டுக்கொண்டே இருந்தாள். இது நாங்கள் அறுத்த ஆடு அல்லவா என்று ரோஸ்லி ஒருநாள் கீழே எழுதினார். எவலின் அதை அழித்து, அந்த நல்ல மனிதரையும் பிளாக் செய்துவிட்டாள். துணி எங்கேம்மா என்று தங்கமணி கேட்டதற்கு, துவைக்கப் போட்டிருக்கிறேன் அத்தை என்று பதில் போனது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்குப் போகிறாள், மனதில் பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாதென்று அதற்கு மட்டும் எழுந்து போவதில்லை. மோரிஸ் கவனித்துக் கேட்டார். வயிறு சரியில்லை மாமா என்றாள். பாவம், அந்த வயிற்றின் மேலும் ஒரு பழி.

கணவன் அட்ரியனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதாள். அவன் நல்லவன். நல்லவன் என்பதால்தான் பொய்யை உடனே ஒழுங்குபடுத்தக் கிளம்பினான். இன்று விடியற்காலையில் மெர்போக்கிலிருந்து வேனில் ஒரு கறுப்புக் கிடாவோடு வந்து இறங்கினான். கொம்பு, உயரம், முகம் எல்லாம் ஏறக்குறைய அதே. பின்னங்கால் ஒன்றில் மட்டும் குளம்புக்கு மேலே வெள்ளை.

“கறுப்பு கறுப்புதான்லா. முனியாண்டி என்ன அடையாளக் கார்டு காட்டச் சொல்லவா போறாரு?” என்றான்.

எவலினுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைக்குப் பூசும் சாயத்தைப் பழைய பல் பிரஷில் தொட்டு ஆட்டின் காலுக்குப் பூசினாள். அது சாதுவாய் நின்று கொடுத்தது. அதன் சாது குணம் அவளை இன்னும் வதைத்தது. உதைத்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மோரிஸ் காப்பிக் குவளையோடு வந்து கிடாவைப் பார்த்தார். மெர்போக்கில் புல் நல்ல புல்தானா என்று மகனிடம் கேட்டார். நல்ல புல் என்று அட்ரியன் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். எவலின் ஆணியில் தொங்கிய மஞ்சள் துணியை எடுத்துத் தூசி தட்டி, புதுக் கழுத்தில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

மத்தியானம் லோரி வந்தது. மணியம் முதலில் இறங்கினார். அடுத்து தங்கமணி, இடுப்பில் ஒரு செம்பு, கையில் ஒரு பை. கடைசியாகத் தினேஸ்வரன் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான். உள்ளே வைத்த இரும்பை எடுக்க வரும் மாதம் மறுபடி ஆபரேஷன். அதற்குள் நேர்த்தியை முடித்துவிட வேண்டும் என்று தங்கமணி ஆடி மாதத்தையே எண்ணிக்கொண்டு கிடந்தார்.

பையில் இருந்தது புடவை, எவலினுக்கு. எங்கள் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாய், வெறுங்கையோடு வர மனசு கேட்கவில்லை என்றார் தங்கமணி. எவலின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புடவை கனமில்லாததுதான், ஆனாலும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

தினேஸ்வரன் நேரே கொட்டகைக்குப் போனான். இத்தனை மாதமாக அவன் கிடாவைப் பார்த்ததெல்லாம் ஃபோனில்தான். கட்டிலில் படுத்த படுக்கையாய் இருந்தபோது, காலையில் கண் விழித்ததும் ஹென்செம்மைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவானாம். பக்கத்தில் முதல் இதயம் எப்போதும் அவனுடையது.

“காலையில போட்ட வீடியோவும் பாத்தேன்க்கா. கழுத நேருல இன்னும் அழகா இருக்கான்” என்றான்.

பிஸ்கட்டை நீட்டினான். ஆடு வந்து வாங்கிக்கொண்டது. பிஸ்கட்டுக்கு எந்த ஆடுதான் வராது? தினேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது, என்னைத் தெரிந்துகொண்டது அப்பா என்றான். மணியமும் வளர்த்தியைத் தடவிப் பார்த்து மோரிஸின் தோளில் தட்டினார். அட்ரியன் மனைவியைப் பார்த்து லேசாய்க் கண்ணைச் சிமிட்டினான். முடிந்தது, தப்பித்தோம் என்று அர்த்தம்.

எவலினுக்குத் தப்பித்த மாதிரியே இல்லை. பொய் இத்தனை சுலபமாகப் போய்ச் சேரும் என்று அவள் நினைக்கவே இல்லை. யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஏங்கினாள்.

கிடாவை அப்படியே வண்டியில் ஏற்றுவது மணியம் வீட்டு வழக்கமில்லை. வளர்ந்த இடத்திலேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, வண்டியில் ஏற்றலாம். பிறகுதான் கோயிலில் மற்றதெல்லாம்.

தங்கமணி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தொட்டு, கிடாவின் தலையிலும் முதுகிலும் விட்டார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். மோரிஸ் கைகூப்பவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கிடா பிஸ்கட்டை மென்றது.

அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்றார் மணியம். காத்திருந்தார்கள். இரண்டாம் முறை தங்கமணி கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். தண்ணீர் வயிற்றில் வழிந்து காலில் இறங்கியது. எவலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பின்னங்காலையே பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. சாயம் நல்ல சாயம்.

கிடாவும் துலுக்கவில்லை. காதில் இரண்டு சொட்டு விட்டால் உடனே சிலிர்க்கும் என்று அட்ரியன் மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தான். மணியம் அவனை ஒரு பார்வை பார்த்தார். சாமியை ஏமாற்றவா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டார். அந்தக் கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் முறை செம்பைக் கவிழ்த்தே ஊற்றினார் தங்கமணி. சொட்டச் சொட்ட நனைந்து, கிடா அசையாமல் நின்று அவர் முகத்தைப் பார்த்தது.

தங்கமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். செம்பு உருண்டு போனது. மணியம் கையைப் பிடித்துத் தூக்கப் போனார். அவர் எழவில்லை.

“எனக்குத் தெரியும். இது கெடாவோட குத்தம் இல்ல, என்னோட குத்தம்” என்றார்.

என்ன குற்றம், பேசாமல் எழுந்திரு என்று மணியம் அதட்டினார். தங்கமணி தலையை ஆட்டினார். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாதது அது. சொல்லும்போது புருஷன் முகத்தைப் பார்க்காமல் மகனின் காலைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில மொதல்ல நான் கெடா நேரல. இவன உட்டுட்டு என் உசுர எடுத்துக்க சாமின்னுதான் கேட்டேன். அப்பறம் ராத்திரி பயம் வந்துருச்சு. எனக்குச் சாவ மனசு வல்ல. அதான் கெடா தரேன்னு மாத்திக்கிட்டேன். சாமி அத மறக்கல. கெடா வேணாங்குது. ஆபரேசனுக்கு முன்னுக்கு என்னயக் கேக்குது.”

தினேஸ்வரன் அம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்னான். மணியம் உருண்ட செம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

எவலின் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தாய் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மண்ணில் கிடக்கிறாள். இன்று இரவிலிருந்து ஆபரேஷன் நாள் வரை செத்துச் செத்துப் பிழைப்பாள். அந்தக் குற்றம் யாருடையது என்று தெரிந்தவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அட்ரியன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தான். பக்கம் போய்விடும், பேர் போய்விடும், மாமனார் முகத்தில் விழிக்க முடியாது. எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த அம்மாளைப் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாளைக்குப் புது வீடியோ போடுகிறவளாக அவளால் இருக்க முடியவில்லை.

புடவையைத் தங்கமணியின் மடியில் வைத்துவிட்டு எதிரே மண்டியிட்டாள்.

“அத்த, சாமி உங்களக் கேக்கல. இது உங்க கெடா இல்ல. அத நான் வித்துட்டேன்.”

தொடங்கிய பிறகு எல்லாம் தானாய் வந்தது. லைவில் சொன்னது, படகுக்காரர் வீட்டு விருந்து, மெர்போக் கிடா, காலில் பூசிய சாயம். எதையும் அவள் குறைத்துச் சொல்லவில்லை. அழுகை வந்தபோதும் அழுதால் இரக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தங்கமணி முதலில் நம்பவில்லை. பிறகு கிடாவின் ஈரக் காலைக் கையால் தேய்த்து மயிரை விலக்கிப் பார்த்தார், அடியில் வெள்ளை தெரிந்தது. அப்புறம் நெஞ்சில் கை வைத்து நீளமாய் ஒரு மூச்சு விட்டார். என்னைக் கேட்கவில்லையா, என்னைக் கேட்கவில்லையா என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். உயிர் திரும்பி வந்தவர்போல் முகம் தெளிந்தது.

தெளிந்த பிறகுதான் அவர் எவலினை நேராகப் பார்த்தார்.

“மொத தண்ணிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் நின்னு பாத்தியே.”

விற்றதற்குக்கூட எவலினிடம் ஏதோ ஒரு காரணம் இருந்தது. இதற்கு ஒன்றுமே இல்லை.

தினேஸ்வரன் ஃபோனை வெளியே எடுத்தான். காலையில் போட்ட வீடியோ அதில் ஓடியது. கிடா பிஸ்கட் மென்றபடி கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. அப்போ இது எப்போது எடுத்தது அக்கா என்று கேட்டான். பழசு என்றாள். அவன் திட்டவில்லை. ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து லோரிப் பக்கம் போய்விட்டான்.

மணியம் மோரிஸின் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷச் சிநேகிதத்தில் அவர் அப்படிக் குரல் இறங்கிப் பேசியதே கிடையாது.

“ஒனக்குத் தெரியுமாடா?”

மோரிஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மணியம் நம்பியிருப்பார்.

“காலையில வேன்லேர்ந்து எறங்குனப்பவே தெரியும். நான் வளத்த கெடா எனக்குத் தெரியாதா? மருமக பேரு கெட்டுருமேன்னு பேசாம நின்னேன். தங்கமணி கீழ ஒக்காந்தப்பகூட நின்னேன்.”

எவலினுக்குக் காது அடைத்துப்போயிற்று. தன்னால் பொய்யனானவன் கணவன் ஒருவன்தான் என்று நினைத்திருந்தாள். மாமனாரையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறாள். அந்த நினைப்பில் அவளுக்குத் தலை நிமிரவில்லை.

அட்ரியன் நடுவில் புகுந்து, இந்தக் கிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல கிடா என்றான். நேர்த்திக்கு விட்ட கிடா எங்கே என்று பூசாரி கேட்டால் இதைக் காட்டவா என்று மணியம் திருப்பிக் கேட்டார். தோட்டத்துக் கோயிலில் பந்தல் போட்டாயிற்று. சொந்தங்கள் வந்து காத்திருக்கிறார்கள். கிடா வருகிறது என்று பூசாரி வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். சாயங்காலத்துக்குள் போய் ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. மனைவியைத் தூக்கி நிறுத்தி, போகலாம் என்றார்.

அப்போது மோரிஸ் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். வேலைச் சட்டையை மாற்றி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். யாரையும் கேட்காமல் லோரியின் பின்பக்கம் கால் வைத்து ஏறினார். கிடாவுக்கென்று வைக்கோல் பரப்பி வைத்திருந்த இடத்தில், கயிறு கட்டுவதற்கான கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெறும் லோரியாப் போவக் கூடாது, மணியம். என்ன நம்பித்தான உட்டீங்க. சாமி கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்” என்றார்.

மணியம் ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. முன்னால் வந்து உட்காருங்கள் அண்ணே என்று தங்கமணி கெஞ்சினார். மோரிஸ் அசையவில்லை. வயதான மனிதர், வெள்ளைச் சட்டையில், உச்சி வெயிலில், ஆடு நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எவலின் ஓர் அடி எடுத்து வைத்தாள். அட்ரியன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அங்கே தோட்டமே கூடியிருக்கும், ஆளாளுக்கு ஃபோன் வைத்திருப்பார்கள், நீ போய் நின்றால் இன்றைக்கே ஊர் முழுக்க உன் முகம்தான் ஓடும், அப்பா பார்த்துக்கொள்வார் என்று காதோடு சொன்னான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மணியம் ஓட்டுநரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். தங்கமணி முன்கதவைப் பிடித்தபடி ஏறாமல் நின்றார்.

“கொஞ்சம் இருங்க. நான் கூப்புட மாட்டேன். வரணும்னா அவளா வரட்டும்.”

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. மோரிஸ் மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. எவலினின் மணிக்கட்டு இன்னும் அட்ரியன் கையில்தான் இருந்தது. லோரியின் பின்கதவை யாரும் மூடவில்லை.